ஒரு பிரபுவின் படத்தைத் திருப்பிப் பார்க்க நானூற்று முப்பது கிலோமீட்டர்

இது 2007 அக்டோபரில் ஒரு சனி, ஞாயிறில் போய்வந்த பயணம். எர்லாங்கனிலிருந்து வுப்பர்டால், இரவுத் தங்கல் டுசல்டோர்ஃபில், மறுநாள் திரும்பல். வுப்பர்டாலுக்கு எதற்குப் போனாய் என்று கேட்டால் எல்லோரும் தொங்கு ரயிலைச் சொல்வார்கள். நான் போனது, செத்து நூறு வருடம் தாண்டிய ஓர் ஆங்கிலேயப் பிரபுவின் சின்னப் படம் ஒன்றைத் திருப்பிப் பார்க்க. முன்பக்கத்தை மின்னஞ்சலில் ஏற்கெனவே பார்த்துவிட்டேன். பின்பக்கத்தில்தான் என் நான்கு வருடப் படிப்பு மாட்டிக்கொண்டிருந்தது.

புதிதாக இந்த வலைப்பதிவுக்கு வருபவர்களுக்கு: எனக்குச் சொந்த ஊர் மதுரை. எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் பழைய படங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். என் கணவர் குமரன் இங்குள்ள மின்னணு நிறுவனத்தில் எஞ்சினியர். மழையோ பனியோ, சைக்கிளில்தான் வேலைக்குப் போவார். என் ஆய்வு ஒரே ஒரு மனிதரைப் பற்றியது. விக்டோரியா மகாராணி காலத்துப் பிரபு, பரம்பரைப் பணக்காரர், முப்பது வருடம் அரசியலில் இருந்தவர், இரண்டு முறை மந்திரி. பெயரை இங்கே எழுத முடியாது. ஆய்வேடு கைக்கு வரும்வரை இணையத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்று பேராசிரியர் சொல்லியிருக்கிறார். அதனால் இந்தப் பதிவு முழுக்க அவர் வெறும் பிரபுதான்.

பிரபுவின் பொதுவாழ்க்கை அந்தக் காலத்துப் படங்களில் எப்படிக் காட்டப்பட்டது என்பதே என் விஷயம். வாரப் பத்திரிகைகளில் வந்த மரச்செதுக்குப் படங்கள், கேலிச்சித்திரங்கள், ஸ்டூடியோவில் எடுத்து விசிட்டிங் கார்டு அளவில் விற்ற புகைப்படங்கள். இவற்றில் மிகவும் பிரபலமானது, ஆலைத் தொழிலாளர் கூட்டத்தில் கொட்டும் மழையில் தொப்பி இல்லாமல் கையை உயர்த்திப் பேசும் மரச்செதுக்குப் படம். ஏழை மக்களோடு நனைந்த பிரபு என்று பெயர் வாங்கிக் கொடுத்த படம் அது. எனக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே ஓர் உறுத்தல். கூட்டமே தொப்பலாக நனைந்து நிற்க, அவருடைய கோட்டு மட்டும் இஸ்திரி போட்டது போல இருந்தது. மூன்றாவது பொத்தான் கழன்றிருந்தது. மழையில் நின்றவரைப் பார்த்து வரைந்ததல்ல, ஸ்டூடியோப் புகைப்படத்திலிருந்து ஆளை எடுத்துக் கூட்டத்தின் நடுவே வைத்திருக்கிறார்கள் என்று எழுதினேன். ஓர் அத்தியாயமே எழுதினேன். பேராசிரியர் படித்துவிட்டு, "நல்ல கதை. ஆதாரம்?" என்றார்.

அந்தப் புகைப்படம் எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை. மூன்று வருடம் தேடினேன். உதவித்தொகை வரும் மார்ச்சோடு முடிகிறது. அக்டோபர் நடுவில் ஒரு திங்கட்கிழமை பத்து மணிக்குப் பேராசிரியர் நேரம் கொடுத்திருந்தார். அன்று ஆதாரம் இல்லையென்றால் அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டும். எடுத்தால் ஆய்வேட்டின் முதுகெலும்பே போய்விடும். வேறொன்று எழுதக் காசும் இல்லை, காலமும் இல்லை. முடிக்காத படிப்போடு மதுரைக்குத் திரும்புவதை நினைத்துச் சில நாள் சோறு இறங்கவில்லை.

அந்தத் திங்களுக்குப் பத்து நாள் முன்பு இந்த வலைப்பதிவில் ஒரு பின்னூட்டம் வந்தது. எழுதியவர் வுப்பர்டாலில் இருக்கும் சிவநேசன் என்ற யாழ்ப்பாணத்துக்காரர். ஆள் இல்லாமல் போன வீடுகளைக் காலிசெய்து கொடுப்பது அவர் தொழில். பார்மன் பகுதியில் ஒரு பழைய வீட்டைக் காலிசெய்தபோது, நான் பெயர் சொல்லாமல் இங்கே எழுதியிருந்த மழைக்கூட்டத்துப் பிரபுவைப் போலவே ஒருவரின் படங்கள் அட்டைப்பெட்டி நிறையக் கிடைத்ததாகவும், வாரிசுகள் குப்பையில் போடச் சொன்னதாகவும், அவர் மனம் கேட்காமல் தனக்குத் தரும்படி எழுதியே வாங்கிக்கொண்டதாகவும் சொல்லியிருந்தார். ஒரு காலத்தில் துணி ஆலை வைத்து இங்கிலாந்தோடு வியாபாரம் செய்த குடும்பமாம். மறுநாள் கைபேசியில் எடுத்த ஒரு படம் அனுப்பினார். மங்கல்தான். ஆனாலும் உயர்த்திய கை, கழன்ற மூன்றாவது பொத்தான், ஸ்டூடியோவின் வர்ணத் திரை எல்லாம் தெரிந்தன. பின்பக்கத்தில் ஏதோ மையில் எழுதியிருக்கிறது, தனக்கு வாசிக்க முடியவில்லை என்றார். அது தேதியாக இருந்தால், கூட்டத்துக்கு முந்தைய தேதியாகவும் இருந்தால், நான் பிழைத்தேன். "சனிக்கிழமை வருகிறோம். அதுவரை தயவுசெய்து ரொம்பப் பத்திரமாக வைத்திருங்கள்" என்று பதில் போட்டேன். இந்த வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என்னைப் படுத்தியது அதுதான்.

இனி வழி. வேக ரயிலில் போனால் நாலரை மணி நேரம்தான், ஆனால் கடைசி நேரத்தில் எடுத்தால் இரண்டு பேருக்குச் சீட்டுக் காசு கையைக் கடிக்கும். வார இறுதிச் சீட்டு 33 யூரோ. ஐந்து பேர் வரை, ஒரே நாள், சாதா ரயில்களில் எத்தனை தூரமும் போகலாம். நாங்கள் இரண்டு பேர். எர்லாங்கனில் காலை 5.18க்கு ஏறி பாம்பர்க், வூர்ட்ஸ்பர்க், பிராங்க்பர்ட், சீகன், ஹாகன் என்று ஐந்து இடத்தில் மாறி, ஓபர்பார்மனில் 14.02க்கு இறங்கினோம். எட்டு மணி நாற்பத்துநாலு நிமிடம். பாம்பர்க்கில் மாற 14 நிமிடம், ஹாகனில் 11. பிராங்க்பர்ட்டில் 28 நிமிடம் கிடைக்கும், காலைக் கடனுக்கு அதுதான் நல்ல இடம், 50 சென்ட் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போவது உத்தமம். நான் புளியோதரை கட்டியிருந்தேன். வூர்ட்ஸ்பர்க் தாண்டியதும் குமரன் டப்பாவைத் திறந்தார், பெட்டியே மணந்தது. எதிரில் இருந்த பெரியவர் ஜன்னலைத் திறக்கவில்லை, அதுவரைக்கும் புண்ணியம். மாய்ன் நதியும் திராட்சைத் தோட்டங்களும் நன்றாக இருக்கும் என்பார்கள். அன்று பனிமூட்டம். எனக்கும் வெளியே பார்க்கும் மனநிலை இல்லை. மடியில் வைத்திருந்த குறிப்பேட்டில் ஒரே வாக்கியத்தை நான்கு முறை எழுதியிருந்தேன்.

சீகனில் 11.38க்கு இறங்கினோம். அடுத்த ரயில் 12.05. வந்துகொண்டிருக்கிறோம் என்று சொல்லலாமே என்று சிவநேசன் வீட்டுக்குப் போன் செய்தேன். எடுத்தது அவர் மனைவி ராணி அக்கா.

"அவர் வீட்டிலை இல்லைத் தங்கச்சி. உந்தப் படங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு பிளாஸ்டிக் போடக் கடைக்குப் போயிட்டார். நீங்கள் பத்திரமா வைக்கச் சொன்னனீங்களாம்."

"அக்கா, லேமினேஷனா?"

"ஓம், அதுதான். வடிவா இருக்கும், பயப்பிடாதேங்கோ."

"அவர் கைபேசி நம்பர் இருக்கிறதே, அதுக்குக் கூப்பிடட்டுமா?"

"அது இஞ்சை சார்ஜிலை கிடக்குது."

பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சிவநேசனைக் குற்றம் சொல்ல முடியாது. நம்மவர்களிடம் ஒன்றைப் பத்திரமாக வை என்றால் வேறு என்ன செய்வார்கள்? என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை அப்பா கையோடு கொண்டுபோய் லேமினேட் செய்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். குமரனின் சாதிச் சான்றிதழ் முதல் கல்யாணப் பத்திரிகை வரை எல்லாம் பிளாஸ்டிக்குக்குள்தான் கிடக்கின்றன. தெரிந்திருந்தும் அந்தச் சொல்லை எழுதியவள் நான்.

குமரன் என்னைத் தேற்றுவதாக நினைத்து, "கண்ணாடி மாதிரித்தானே இருக்கும், ரெண்டு பக்கமும் தெரியுமே" என்றார். அந்தக் காலத்துப் புகைப்படத் தாளில் முட்டையின் வெள்ளைக்கரு பூசியிருப்பார்கள். சூட்டில் அது வெடிக்கும், பழுப்பேறும், மை கலங்கும். பசையோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கவும் முடியாது. பேராசிரியர் அதைக் கையில் எடுத்தும் பார்க்க மாட்டார். சீகனிலிருந்து ஹாகன் வரை ஒன்றரை மணி நேரம், லென்ன நதியை ஒட்டிய பாதை. இலையுதிர்காலத்தில் அந்த மலைச்சரிவு அவ்வளவு அழகு என்று குமரன் பிறகு சொன்னார். எனக்கு அதில் நினைவிருப்பது குகைப்பாதைகள் மட்டும். மூன்று முறை போன் செய்தேன். இரண்டு முறை குகைக்குள் சிக்னல் போனது, மூன்றாவது முறை யாரும் எடுக்கவில்லை. பிள்ளையாருக்கு நூற்றெட்டு தேங்காய் வேண்டிக்கொண்டேன். எர்லாங்கனில் அத்தனை தேங்காய்க்கு எங்கே போவது என்று அப்போது யோசிக்கவில்லை.

ஓபர்பார்மன் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்தால் தொங்கு ரயில் புறப்படும் இடம் எதிரிலேயே இருக்கிறது. எங்கள் சீட்டு அதில் செல்லுமா என்று சந்தேகம். யாரையும் கேட்டுக்கொண்டிருக்கப் பொறுமை இல்லாமல் தலைக்கு 2.10 கொடுத்துத் தனிச் சீட்டு எடுத்தோம். ஆற்றுக்கு மேலே தண்டவாளத்திலிருந்து தொங்கிக்கொண்டு போகும் அந்த வண்டி வளைவுகளில் ஆடும். மூன்றாவது நிறுத்தம் ஆல்டர் மார்க்ட். அங்கிருந்து பத்து நிமிட நடை, அதில் பாதி படிக்கட்டு. வுப்பர்டாலில் எந்த வீட்டுக்குப் போனாலும் படியேற வேண்டும் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கதவைத் திறந்தது சிவநேசன்தான். ஐம்பதை நெருங்கும் வயது, மூட்டை தூக்கித் தூக்கி உரமேறிய தோள். "வாங்கோ, வாங்கோ. களைச்சுப் போனீங்கள் போல. முதல்லை இருங்கோ" என்றார். நான் உட்காரவில்லை. கூடத்து மேசையில் பளபளவென்று லேமினேட் செய்த அட்டைகள் ஒரு அடுக்காக இருந்தன. மேலாக இருந்ததில் பிரபு கையை உயர்த்தி நின்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இது என்ன, ஏன் அழுறீங்கள்?" என்று ராணி அக்கா சமையலறையிலிருந்து ஓடிவந்தார்.

"அந்தப் படத்தைச் சூடு பண்ணியிருக்கக் கூடாது அண்ணே" என்றேன்.

சிவநேசன் என்னையும் அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து, புதுச் சட்டை வைத்து விற்கும் அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே மெல்லிய வெள்ளைத் தாள்களுக்கு நடுவில், ஒன்றோடொன்று உரசாமல், அறுபத்துமூன்று படங்கள். ஒன்றில்கூடப் பிளாஸ்டிக் இல்லை.

"உது முழுக்கக் கொப்பி, தங்கச்சி. கலர்க் கொப்பி எடுத்து, அதுக்குத்தான் பிளாஸ்டிக் போட்டனான். முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு ஒண்டு. நீங்கள் கையிலை வைச்சுப் பாக்கிறதுக்கு. ஒரிஜினலிலை ஆரும் போடுவினமே?"

நான் நாற்காலியில் அப்படியே சரிந்தேன். சிரிப்பும் வந்தது, விம்மலும் நிற்கவில்லை. ராணி அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "எனக்கு இவர் சொல்லவே இல்லை, கொப்பிக்குத்தான் போடுறார் எண்டு. போனிலை உங்களைப் பயப்பிடுத்திப் போட்டன்" என்று வருந்தினார்.

குமரன் சிவநேசனிடம் கேட்டார், ஒரிஜினலை லேமினேட் பண்ணக் கூடாது என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று.

"பட்டனான் தம்பி" என்றார் சிவநேசன். "நாட்டிலை இருந்து வரேக்கை என்ரை பிறப்புச் சான்றிதழைப் பிளாஸ்டிக் போட்டுத்தான் கொண்டு வந்தனான். கடல், காடு எல்லாம் தாண்டி ஒரு துளி நனையாமல் வந்தது. இஞ்சை கலியாணம் பதியத் தெர்மின் எடுத்து, அவை தந்த நாளிலை போனால், இதிலை தாளைத் தொட்டுப் பாக்க ஏலாது, செல்லாது எண்டு திருப்பித் தந்திட்டினம். ஊரிலை சண்டை. புதுசு எடுத்து வர ரெண்டு வருஷம். இவ அங்கை, நான் இஞ்சை."

"ரெண்டு வருஷமும் மூண்டு மாசமும்" என்று ராணி அக்கா திருத்தினார்.

பிறகு படத்தைத் திருப்பினேன். ஸ்டூடியோவின் முத்திரை. அதற்குக் கீழே பழுப்பு மையில், ஆலைக்காரர் கையெழுத்தில், ஜெர்மனில் இரண்டு வரி: லண்டனிலிருந்து வந்து சேர்ந்தது என்று, தேதியோடு. மழைக் கூட்டத்துக்கு மூன்று மாதம் முந்தைய தேதி. மழையில் நனையாத கோட்டு, மழைக்கு மூன்று மாதம் முன்பே ஜெர்மனிக்கு வந்துவிட்டிருந்தது. நான் அதை மூன்று முறை சத்தமாக வாசித்தேன். குமரன் சாட்சிக்கு ஒருமுறை வாசித்தார். நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கியது என்பார்களே, அன்று எனக்கு அது இறங்கிய இடம்கூடத் தெரியும், வுப்பர்டாலில் மூன்றாவது மாடி.

இடியப்பமும் சொதியும் மீன்குழம்பும் வந்தன. காலையிலிருந்து தொண்டையில் இறங்காதது எல்லாம் இறங்கியது. கையை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு எல்லாப் படங்களையும் வயதுப்படி மேசையில் பரப்பினோம். முதலில் இருபத்தாறு வயது வாரிசு, புதிய மீசை, ஸ்டூடியோத் தூணில் முழங்கை. அப்புறம் தேர்தல் மேடை, கீழே கூட்டத்தில் எவனோ முட்டைக்கோஸ் எறிகிறான். ஒரு கேலிச்சித்திரத்தில் கால்கள் கொக்குக்கால், தலை பூசணி. வெள்ளி மண்வெட்டியால் ரயில் பாதைக்கு மண் வெட்டுகிறார், மண்ணில் ஒரு பொட்டும் காலணியில் இல்லை. மந்திரியானதும் தாடி, ராஜினாமா செய்ததும் தாடி இல்லை. மறுபடி மந்திரி, மறுபடி தாடி.

"தாடி பதவியோடை வந்து போகுது" என்றார் சிவநேசன். நான் நான்கு வருடத்தில் கவனிக்காத விஷயம். குறித்துக்கொண்டேன்.

ஒரு பத்திரிகைப் பக்கத்தில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டோம். மேலே பாதிப் பக்கத்துக்குப் பிரபு, மேலவையில் இந்தியாவின் பஞ்சத்தைப் பற்றிப் பேசுகிறார். கீழே கட்டைவிரல் அளவில், சென்னை மாகாணத்து நிவாரண முகாமில் எலும்பும் தோலுமாகச் சிலர். மேலே இருந்தவருக்கு நான்கு வரியில் பட்டங்கள். கீழே வெறும் "சுதேசிகள்". சொதிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு ராணி அக்கா அதை உற்றுப் பார்த்தார். "எங்கடை ஆக்கள்" என்றார்.

கடைசிப் படம் எனக்குப் பிடித்தது. கிழவராகித் தோட்டத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், மடியில் தொப்பி, கண் மூடியிருக்கிறது. யாரோ அவருக்குத் தெரியாமல் எடுத்திருக்கிறார்கள். முப்பது வருடம் கையை உயர்த்தியும் தூணில் சாய்ந்தும் நின்ற மனிதர், இதில் ஒன்றும் செய்யாமல் இருக்கிறார். அவர் மேல் எனக்கு இருந்த கோபம் அந்த ஒரு படத்தளவு குறைந்தது.

பெட்டியையே என்னிடம் கொடுத்துவிட்டார் சிவநேசன். "படிச்சு முடிச்சிட்டுத் தாங்கோ." ரசீது எழுதிக் கொடுத்தேன், வேண்டாம் என்றார், வற்புறுத்தி வைத்துவிட்டு வந்தேன். மாலை 18.20 ரயிலில் டுசல்டோர்ஃப், முப்பது கிலோமீட்டர், அரை மணி நேரம், காலை எடுத்த அதே சீட்டு செல்லும். குமரனின் நண்பர் வீட்டில் படுத்ததும் தூங்கிவிட்டேன். மறுநாள் இன்னொரு 33 யூரோ. திரும்பும் வழியில் லென்ன நதியைப் பார்த்தேன். மலை முழுக்க மஞ்சளும் சிவப்பும், குமரன் சொன்னது உண்மைதான்.

திங்கட்கிழமை பேராசிரியர் படத்தைத் திருப்பி, பூதக்கண்ணாடி வைத்து நான்கு நிமிடம் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் தெரியும். "அத்தியாயம் இருக்கட்டும்" என்றார். "படத்துக்குக் கீழே உரிமையாளரின் முழுப் பெயரைப் போட மறக்காதீர்கள்." சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன், ஏறி ஓட்டும் நிதானம் இல்லை.

இந்த மாதிரிப் பயணம் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பழைய படங்களைத் தேடி லண்டனுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. அந்தக் காலத்தில் இங்கிலாந்தோடு வியாபாரம் செய்த ஊர்களின் பழைய சாமான் சந்தைகளிலும் கிடைக்கும், ஞாயிறு காலை ஏழு மணிக்குள் போய்விட வேண்டும். வார இறுதிச் சீட்டில் ஏறுகிறவர்கள் முதல் ரயிலைத் தவறவிடாதீர்கள், ஒன்று போனால் ஐந்தும் போகும். எந்தப் படத்தையும் வாங்குமுன் திருப்பிப் பாருங்கள். தொலைவில் இருப்பவரிடம் பொருளைக் காக்கச் சொல்லும்போது, என்ன செய்ய வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நகல் எடுக்கும் வெளிச்சமும் பழைய தாளுக்கு ஆகாது, சிவநேசனிடம் அதைச் சொல்லும் மனம் எனக்கு இன்னும் வரவில்லை. அப்புறம், படம் கொடுத்தவரிடம் பெயரை எப்படி அச்சிட வேண்டும் என்று அவரையே கேளுங்கள். நீங்களாக எழுதாதீர்கள். நான் திங்கட்கிழமை மாலையே போன் செய்து கேட்டேன்.

"அப்பாவின்ரை பேரோடை போடலாமோ?" என்றார் சிவநேசன். "கந்தையா சிவநேசன் எண்டு."

"அதுதானே அண்ணே உங்கள் முழுப் பெயர். தாராளமாகப் போடலாம்."

"இல்லை, ஏன் கேட்டனான் எண்டால், உந்தப் பிரபுவுக்கு அறுபத்திமூண்டு படம் இருக்குது. என்ரை அப்பாவுக்கு ஒரு படமும் இல்லைத் தங்கச்சி. வீட்டோடை எரிஞ்சு போச்சுது. பேராவது ஒரு புத்தகத்திலை இருக்கட்டும்."

அன்று மாலையே தட்டச்சு செய்தேன். ஆய்வேட்டின் நாற்பத்தொன்றாவது படத்தில் பிரபு கையை உயர்த்தி நிற்கிறார். அவருடைய பட்டங்கள் எதையும் போடவில்லை. காலடியில் ஒரே ஒரு வரி: கந்தையா சிவநேசன் சேகரிப்பு, வுப்பர்டால்.